தொட்டிக்குள் ஒரு குங்குமப் பொட்டு

வெள்ளிக்கிழமை சாக்கடைச் சோதனை என்பது புதன்கிழமையே எங்கள் தெருவுக்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லையாம். ஆனால் வியாழக்கிழமை எங்கள் வீட்டை ஒட்டிய அண்ணாச்சி மெஸ்ஸில் பூரி இல்லை, பஜ்ஜி இல்லை... வெறும் இட்லி! அப்போதே எனக்கு உறுத்தியது.

ஹைதராபாத் குகட்பள்ளியில் எங்களுடையது பழைய ஹவுசிங் போர்டு காலனி. தீபாவளிக்குப் பிறகு மட்டும் இரண்டு முறை பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டது. அடைத்தால் நேராக செல்வியின் பாத்ரூமில்தான் பொங்கும். எனக்குக் கீழ் வீட்டில் குடியிருக்கும் தூத்துக்குடிப் பெண், கைக்குழந்தைக்காரி. 'டயபரைப் போட்டு அடைப்பது நீதான், மாதக் கடைசிக்குள் காலி பண்ணு' என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"நான் பையில கட்டிக் குப்பை வண்டியிலதான் அங்கிள் போடுறேன். யாரு நம்புறா?"

நான் நம்பினேன். அடைப்பு எடுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான். வந்தது டயபர் இல்லை — வெள்ளை வெள்ளையாய் உறைந்த எண்ணெய்ப் பிசுக்கு. வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீங்க எதைத்தான் சார் சந்தேகப்பட மாட்டீங்க?" என்றார்.

வெள்ளிக்கிழமை குடிநீர் வாரிய அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண். ஓட்டல் கழிவுநீர், எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி வழியாகத்தான் சாக்கடைக்குப் போக வேண்டும் என்பது விதி. அண்ணாச்சி சமையலறைத் தரையில் தொட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் — பளபளவென்று எவர்சில்வர்!

"காலைலதான் தேய்ச்சுக் கழுவினோம் மேடம்" என்று சரளமான தெலுங்கில் சொன்னார் அண்ணாச்சி.

அதிகாரி தலையாட்டிவிட்டு, "அடுத்து அந்த வீடு" என்று செல்வியின் பக்கம் கைகாட்டினார். வாசலில் நின்ற செல்வி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். தொட்டியின் நடுத்தகட்டில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"என்ன அண்ணாச்சி, புதுசா பொட்டு?"

"புதுசா? நல்லா கேட்டீங்க போங்க! ஆயுத பூஜைக்கு வச்சது சார். மூடியில வச்சா கால் படும்லா... அதான் உள்ள வச்சோம்."

பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

ஆயுத பூஜை போய், தீபாவளியும் போய், கார்த்திகை பிறந்துவிட்டது. அன்று வைத்த பொட்டு, காலையில் தேய்த்துக் கழுவியும் கலையவில்லையா? இத்தனை நாள் சாம்பார்த் தண்ணீரிலும்?

அதிகாரி திரும்பி வந்து பொட்டைப் பார்த்தார். எங்கள் தமிழ் புரியாவிட்டாலும், ஆயுத பூஜை என்ற சொல் போதுமாயிருந்தது. "தசராகா?" என்றார், தசராவுக்கு வைத்ததா என்று. அவர் வீட்டிலும் வண்டிக்குப் பொட்டு வைத்திருப்பார்கள்தானே? பாத்திரம் கழுவும் குழாயைக் காட்டி, "நீள்ளு வதலண்டி" என்றார்.

குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் கடகடவென்று போனது. தொட்டிக்குள் ஒரு சொட்டு வரவில்லை. சுவருக்குப் பின்னால் வேறொரு பைப்... நேராகத் தெருச் சாக்கடைக்கு!

மெஸ்ஸுக்கு நோட்டீஸ். தொட்டியோடு இணைக்காவிட்டால் சாக்கடை இணைப்பே துண்டிக்கப்படும். செல்வியை இப்போது யாரும் காலி பண்ணச் சொல்வதில்லை. மன்னிப்பு? வீட்டுக்காரர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"இப்ப தொட்டி வழியாத்தான் போகுது சார், வந்து பாருங்க" என்று அண்ணாச்சி சூடாக பஜ்ஜி கொடுத்தனுப்பினார். பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது. ஆனால், சோதனைத் தேதியை அவருக்குச் சொன்னது யார்? அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு மறுவாரம் போய் எட்டிப் பார்ப்பேன். கடவுளே, அந்தப் பொட்டு கரைந்து போயிருக்க வேண்டும்!