வாச்சர் செபமாலையின் பொல்லு

ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு முன், அவர் மீதுள்ள குற்றச்சாட்டை அவருக்கு விளங்கும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். சாட்சிகளை, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாதபடி, தனித்தனியே விசாரிக்க வேண்டும். தொழில் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெறும்வரை முப்பத்தாறு வருடம் இந்த விதியைத் தோட்ட நிர்வாகிகளான துரைமாருக்கும் தொழிற்சங்கக்காரருக்கும் நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசிக்கும் ஒவ்வொரு முறையும் என் மூக்கில் ஏறும் புளித்த நெடியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கொக்கோ விதையைக் குவித்து வாழையிலையால் மூடிப் புளிக்கவைக்கும்போது எழும் நெடி அது. கள்ளும் காடியும் கலந்தது போல, பசித்த வயிற்றை இன்னும் கொஞ்சம் கிள்ளுவது.

எஹலியகொடயிலிருந்து உள்ளே திரும்பி, மேடும் பள்ளமுமாக ஒரு மணிநேரம் லொறியில் குலுங்கினால் எங்கள் றப்பர் தோட்டம். அதன் அடிவாரத்து ஈரத்தில் கொக்கோ நட்டிருந்தார்கள். பள்ளமாக இருந்தாலும் அதற்குப் பெயர் "கொக்கோ மலை". தோட்டத்தில் எந்தத் துண்டு நிலமும் மலைதான். அந்த மலைக்குக் காவல் வாச்சர் செபமாலை. காக்கி உடுப்பும், கித்துள் மரத்தில் செதுக்கிய கறுத்த தடியான "பொல்லு" ஒன்றும் அவருடைய அடையாளங்கள். கொக்கோப் பழத்தைக் கத்தியால் வெட்டக்கூடாது, விதையில் காயம் படும், பொல்லால் தட்டித்தான் உடைக்க வேண்டும் என்பது தோட்டத்து ஒழுங்கு. விதைக்குக் கிடைத்த அந்தக் கவனம் எங்கள் முழங்காலுக்குக் கிடைக்கவில்லை. பங்கீட்டுக் கூப்பனுக்கும் கோதுமை மா ஒழுங்காகக் கிடைக்காத வருடங்கள் அவை. பழத்துக்குள் விதையை மூடியிருக்கும் வெள்ளைச் சதையை உறிஞ்ச நாங்கள் வேலிக்குள் நுழைவோம், செபமாலை அடிப்பார். அடித்த அன்று மாலையே எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து, "ஒம் மவன் பழம் திருடுனான். ரெண்டு போட்டேன்" என்று அப்பனிடம் சொல்லிவிட்டுப் போவார். அப்பன் தன் பங்குக்கு இன்னும் ரெண்டு போடுவான்.

அடி அன்றைக்குப் பேச்சின் ஒரு பகுதியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர் என்று நாங்கள் கூப்பிடும் ஆசிரியர் பிரம்பால் பேசினார், வீட்டில் அப்பா பெல்ட்டால் பேசினார், சம்பளத்தன்று லயத்தில் ஆண்கள் விறகுக்கட்டையால் பேசிக்கொண்டார்கள். மேல் லயத்துப் பையன்களும் கீழ் லயத்துப் பையன்களுமான நாங்கள் காரணம் தேடிச் சிரமப்படாமல், பார்த்த இடத்தில் மோதிக்கொண்டோம். பல் போனவன் இருந்தான், விரல் கோணியவன் இருந்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பிலிருந்தபோது தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. வெள்ளைக்காரத் துரை போய் சிங்களத் துரை வந்தார். புதியவர், ஏதாவது நல்லது செய்ய வேண்டுமென்று நினைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருநாள் சுற்றுலா என்று அறிவித்தார். நீர்வீழ்ச்சி, பங்களாப் பூந்தோட்டம், கொக்கோ மலை. மூன்றும் எங்கள் தோட்டத்துக்குள்ளேயே இருந்தவை. மூன்றும் நாங்கள் போகக்கூடாத இடங்கள். பிறந்த தோட்டத்தைப் பார்க்க நாங்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றோம். வழி காட்டுவதற்குத் துரை அனுப்பியவரைக் கண்டதும் வரிசை சுருங்கியது. செபமாலை அன்று சப்பாத்து அணிந்திருந்தார்.

வழிகாட்டியாக அவர் சுருக்கமானவர். "இதுதான் பெரிய எல்ல. கீழ பாக்காதீங்க, தல சுத்தும். பாத்தாச்சா? நடங்க." அவ்வளவுதான் நீர்வீழ்ச்சி. முகத்தில் தெறித்த சாரலைத் துடைப்பதற்குள் பங்களாவுக்குப் போய்விட்டோம். அங்கே, "இது ரோசா. இது என்னான்னு எனக்குத் தெரியாது. தொட்டவன் கை எங்கிட்ட இருக்கும்" என்றார். சேரைத் துரையின் மனைவி துரைசாணி தேநீர் குடிக்கக் கூப்பிட்டுவிட்டதால், அவர் பின்விறாந்தையில் உட்கார்ந்துவிட்டு, "நீங்க போங்க, நான் வாறேன்" என்று எங்களைச் செபமாலையோடு கொக்கோ மலைக்கு அனுப்பிவைத்தார். வகுப்புக்கு நான்தான் மொனிட்டர். பொறுப்பு என்னுடையது என்று சேர் என் தோளில் தட்டினார்.

கொக்கோ மலையில் நாங்கள் எதிர்பார்க்காதது நடந்தது. செபமாலை கல்லில் பழத்தை வைத்து, பொல்லால் ஒரே தட்டில் இரண்டாக்கி, முதல் பாதியை நீட்டினார். "இன்னிக்கு தொரை குடுக்கச் சொல்லியிருக்காரு. உறிஞ்சுங்க. வெதையக் கடிக்காம சாக்குல துப்புங்க." அவருடைய மகள் பிலோமினாவும் எங்கள் வகுப்புத்தான். அவளுக்குக் கடைசியாகத்தான் கிடைத்தது. அடி வாங்காமல் கொக்கோ தின்பது எப்படியென்று எங்களுக்குத் தெரியவில்லை. சிறிது நேரம் உறிஞ்சுவதிலேயே இருந்தோம். பிறகு யாரோ உறிஞ்சி முடித்த பழத்தின் வெறுங்கோதை எறிந்தான். அடுத்த நிமிடம் கோதுகள் பறந்தன.

மேல் லயத்து ஆரோக்கியம் எறிந்த கோது என் காதில் பட்டுக் காது விண்ணென்றது. "என்னா மொனிட்டரு, பேரு எழுதப் போறியா? எழுது நாயே. ஆரோக்கியம்னு எழுது. எழுத்துப் பிழ உட்றாத" என்று அவன் இடுப்பை ஆட்டிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்தாள். எனக்கருகே கிளையில் முஷ்டியளவு பச்சைக் காய் ஒன்று தொங்கியது. கொக்கோவின் பச்சைக் காய் கல்லைப் போன்றது. அதைத் திருகிப் பிடுங்கி என் முழுப் பலத்தோடும் எறிந்தேன். குறி பார்த்தேனா என்று பிற்காலத்தில் பலமுறை என்னையே விசாரித்திருக்கிறேன். பார்த்தேன். முகத்தைத்தான் குறிவைத்தேன்.

பழம் உடைபடும் சத்தம் கேட்டது. ஆரோக்கியம் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான். விரல்களுக்கிடையே இரத்தமும், இரத்தமல்லாத ஏதோ ஒன்றும் வழிந்தன. செபமாலை ஓடி வந்தார். அதுவரை பழம் உடைத்துக்கொண்டிருந்த கையில் பொல்லு இருந்தது. அவர் குனிந்து மறுகையால் அவன் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் சேரின் குடை பாதைத் திருப்பத்தில் தெரிந்தது.

"யாருடா செஞ்சது?" என்று சேர் கத்தினார். எல்லாரையும் ஒன்றாக நிற்க வைத்து, எல்லார் முன்னிலையிலும், முதலில் மொனிட்டரைக் கேட்டார். என் கண்ணுக்குள் அப்பாவின் பெல்ட் வந்துபோனது.

"வாச்சருங்க சேர்" என்றேன்.

"பொய் சேர். இவன்தான் பச்சக் காயால எறிஞ்சான். நான் பாத்தேன்" என்றாள் பிலோமினா. சேர் அவள் கன்னத்தில் அறைந்தார். அவள் கையிலிருந்த கோது தெறித்து விழுந்தது. "அப்பனுக்கு வக்காலத்தா? நீ சொல்லுடா" என்று அடுத்தவனைக் கேட்டார். அவன், "வாச்சருதாங்க" என்றான். அதற்கடுத்தவனும் அதையே சொன்னான். அவர்களில் பாதிப்பேர் நடந்ததைப் பார்த்திருக்கவே இல்லை. பொல்லு பட்ட முழங்கால்கள் பேசின. கீழே கிடந்த ஆரோக்கியத்துக்குத் தன்னை என்ன தாக்கியதென்றே தெரியாது. நாங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அவன் தெரிந்துகொண்டான்.

அவனை லொறியில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, பின்னேரம் மூன்று மணிக்கு, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் செபமாலையைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆரோக்கியத்தின் அப்பன் அவருடைய பொல்லையே பறித்து அடித்தான். முதல் அடியைத் தடுக்க உயர்த்திய கை முழங்கைக்குக் கீழே மடங்கித் தொங்கியது. மடங்கக்கூடாத இடம் அது. அவர் விழுந்த பிறகும் அடித்தார்கள். றப்பர் பால்வாளியால் ஒருவன், காலால் பலர். வாய் முழுக்க மண்ணும் இரத்தமுமாக அவர் எழ முயன்றபோது முதுகில் மிதித்தவர் என் அப்பா. மிதித்துவிட்டுத் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "எம் மவன் பாத்தவன், நேர்ல பாத்தவன்" என்று எல்லாருக்கும் சொன்னார். அவர் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

துரையின் விசாரணை ஒரு சிகரட் எரிந்து முடியும் நேரத்துக்கு நடந்தது. ஒபீஸ் விறாந்தையில் நின்றபடி சிங்களத்தில், "கெஹுவாத?" என்று கேட்டார், அடித்தாயா என்று. "நே மஹத்தயா" என்று மறுத்தார் செபமாலை. பிறகு தொங்கும் கையை மற்றக் கையில் ஏந்திக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அடிச்சா அடிச்சேன்னு சொல்றவன் நான். ஒங்கள்ள யாரு ஊட்டுக்கு வந்து நான் சொல்லல? இது நான் அடிச்ச அடி இல்ல." அதைவிடச் சிறந்த எதிர்வாதத்தை என் முப்பத்தாறு வருடச் சேவையில் நான் பதிவு செய்ததில்லை. அங்கே பதிவு செய்ய ஆளில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் லயத்துக் "காம்பிரா"வை, அவர்கள் குடியிருந்த அறையை, காலி செய்ய உத்தரவாயிற்று.

அவர்கள் போகும்போது நான் மலைத்தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து மனைவி முன்னால் போனாள்; கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த செபமாலை என்னைப் பார்த்தார், நின்று பார்த்தார். கடைசியாக வந்த பிலோமினா சட்டிப்பானை மூட்டையைக் கீழே வைத்தாள். ஒரு கல்லைப் பொறுக்கினாள். என் நெற்றி பிளந்தது. அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு அப்பனுக்குப் பின்னால் நடந்தாள். வழுக்கி விழுந்தேன் என்று வீட்டில் சொன்னேன். அந்த வழக்கில் உரிய ஆளுக்குப் போய்ச் சேர்ந்த ஒரே தண்டனை அதுதான்.

ஆரோக்கியம் ஒரு கண்ணோடு திரும்பி வந்தான். நான் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

சென்ற வருடக் கடைசியில் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தார் வான் வண்டி பிடித்துப் பயணம் ஒன்று ஏற்பாடு செய்தார்கள். நீர்வீழ்ச்சி, பூந்தோட்டம், கொக்கோப் பண்ணை. மதியச் சாப்பாட்டுடன், வழிகாட்டியுடன். எந்தத் தோட்டமென்று துண்டுப்பிரசுரத்தில் பார்த்த பிறகும் பெயர் கொடுத்தேன். பெரிய எல்லவுக்குக் கம்பித் தடுப்பும் நுழைவுச் சீட்டும் வந்திருந்தன. பங்களா விடுதியாகியிருந்தது, பூக்களைத் தொடலாம், அருகே நின்று படமும் எடுக்கலாம். கீழ் லயம் இல்லை. பீலி இல்லை, தண்ணீரைக் குழாயில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் அத்திவாரத்தில் புல் முளைத்திருந்தது. பிரட்டுக்களத்தில் கற்கள் பதித்து, வாகனங்கள் நிறுத்தக் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் வான் நின்ற இடத்தில்தான் செபமாலை விழுந்து கிடந்தார் என்று என் கணக்கு.

கொக்கோ மரத்தடியில், கல்லும் பொல்லுமாக, வருபவர்களுக்குப் பழம் உடைத்துக் காட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி, நன்றாகப் பேசக்கூடிய இளைஞன், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு எங்களுக்காகத் தமிழுக்கு வந்தான். "முந்தி இங்க ஒரு வாச்சர் இருந்தாருங்க. பழம் தின்னதுக்காக இவரோட கண்ண பொல்லால அடிச்சுக் கெடுத்துட்டாரு. அப்ப இவருக்குப் பத்து வயசு. பாருங்க." பெண்கள் "பாவம்" என்றார்கள். போன்கள் உயர்ந்தன. ஆரோக்கியம் பழகியவர் போல முகத்தைத் திருப்பி, மூடிய இமை வெளிச்சத்தில் படும்படி வைத்துக்கொண்டார்.

பிறகு மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தார். "நீங்க மொனிட்டரு இல்ல? நெத்தித் தழும்பப் பாத்தே கண்டுபுடிச்சிட்டேன்." எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குச் சொன்னார்: "இவரு அன்னிக்கு வாயத் தொறக்காட்டி அந்த நாயி தப்பிச்சிருப்பான். கையையே ஒடிச்சுத்தான் அனுப்புனோம்." எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர் நன்றாகப் பழுத்த ஒன்றைத் தேடியெடுத்து உடைத்து எனக்கு நீட்டினார். நான் உறிஞ்சினேன். விதையைச் சாக்கில் துப்பினேன். வானில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நடந்ததை எழுதி, சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்டு, சத்தியக் கடதாசியாக்கினேன். ஒரு பிரதியைப் பயணத்தை நடத்தும் கம்பனிக்கு அனுப்பினேன். என் மேலான கருத்துக்கு நன்றி என்றும், அடுத்த பயணத்தில் எனக்குக் கட்டணச் சலுகை உண்டென்றும் இரண்டே நாளில் பதில் போட்டார்கள். பிலோமினா ஓப்பநாயக்கப் பக்கம் மகன் வீட்டில் இருப்பதாகக் கோயில் மூலம் அறிந்து, மூலப்பிரதியை அவளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு மாதம் பொறுத்து நினைவூட்டல் கடிதமும் எழுதினேன்.

பதில் வந்த உறைக்குள் என் சத்தியக் கடதாசி மடிப்புக் குலையாமல் திரும்பி வந்திருந்தது. கூடவே கொப்பியிலிருந்து கிழித்த தாளொன்று:

"கடதாசி கெடச்சது. இது எனக்கு எதுக்கு? நான் பாத்தவ. எங்கப்பாவுக்கும் தெரியும், நீங்கதான்னு சாகுற வரைக்கும் தெரியும். தெரியாதவன் ஆரோக்கியம் ஒருத்தன்தான். அம்பது வருசமா அவன் எங்கப்பாவ ஏசிக்கிட்டு இருக்கான். அவன் எங்க இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியும். தபால்ல போடாதீங்க. நேர்ல போய் நின்னு சொல்லுங்க."

இதை எழுதி முடிக்கும்வரை நான் ஆரோக்கியத்திடம் போகவில்லை. அவள் தாளில் திகதி போட்டிருக்கவில்லை. உறையின் முத்திரையும் மழையில் கரைந்திருந்தது. கிடைத்த நாளை வழக்கம்போல மூலையில் நானே குறித்து வைத்திருக்கிறேன்: தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, பாவசங்கீர்த்தனத்துக்கு உரிய நாள்.