முத்திருளன் சேர்வையின் எட்டுக் கோழிகள்

போன செவ்வாய்க்கிழமை காலை, மதுரைத் தபாலாபீஸில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். மூலையில் கறுப்பு மசி தடவிய கார்டு ஒன்று கைக்கு வந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் அப்படிப்பட்ட கார்டுகள் எத்தனையோ பார்த்தாயிற்று. விலாசத்தைப் படிக்காமலே முத்திரை குத்திப் பழகிய கை இது. குத்திய பிறகுதான் விலாசம் என்னுடையது என்று தெரிந்தது. வாடிப்பட்டி முத்திருளன் சேர்வை ஞாயிற்றுக்கிழமை காலமானார், பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சேரவும் என்று அவருடைய மகன் எழுதியிருந்தான். பக்கத்து மேஜைக்காரர் என்னவென்று கேட்டார். தெரிந்தவர் ஒருவர் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தேன். தெரிந்தவராம்! என் வாயில் வந்த சொல்லைப் பாருங்கள்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் நான் வாடிப்பட்டியில் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்தேன். சேர்வை அங்கே தபால்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உத்தியோகத்தில் நான் மேலே, அவர் கீழே. மற்ற எல்லாவற்றிலும் அப்படியில்லை என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. வாடிப்பட்டிக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரயிலடியிலிருந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்து வருகிற நேரத்தைப் பார்த்துப் பெண்கள் உலை வைப்பார்கள். கடிதத்தில் துக்கச் செய்தி இருந்தால் வாசலில் நின்று கொடுக்காமல், உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கொடுப்பார். “நின்னுக்கிட்டுக் கொடுத்தா நின்னவாக்குல விழுந்துருவாக” என்பார்.

அவருக்கு இருந்த ஒரே பெருமை கோழி. அந்தப் பக்கத்தில் குஞ்சு வாங்க வேண்டும் என்றால் சேர்வை வீட்டுக் குஞ்சுதான் கேட்பார்கள். சோழவந்தானிலிருந்துகூட ஆள் வரும். நானோ திருநெல்வேலிப் பக்கத்துச் சைவன். கோழி என்றால் விடிகாலையில் கூவி என் தூக்கத்தைக் கெடுக்கிற ஜந்து, அவ்வளவுதான். ஒரு கார்த்திகை மழையில் அவர் வீட்டுப் பின்சுவர் விழுந்து கோழிக்கூடும் போயிற்று. சுவர் எழும்பும் வரை, ஆபீஸும் எங்கள் வீடுமாக இருந்த கட்டடத்துக் கொல்லையில் இருந்த விறகுக் கொட்டடியில் கோழிகளை வைத்துக்கொள்ளலாமா என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். சர்க்கார் கட்டடத்தில் கோழி வளர்க்கலாமா என்று ரூல் புஸ்தகத்தைப் புரட்டினேன். கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஏழு பெட்டை, ஒரு சேவல், ஆக எட்டும் பஞ்சாரக் கூடையில் ஏறி ஊர்வலமாக வந்து சேர்ந்தன.

மார்கழி பிறந்தால் வாடிப்பட்டிக்குச் சிறுமலையிலிருந்து ஒரு காற்று இறங்கும். எலும்புக்குள் போய் உட்காரும். அந்தக் காற்றுக்கு அவர் கொட்டடியைத் தயார் செய்ததை நான் ஜன்னலோரம் கணக்கு எழுதுகிற சாக்கில் வேடிக்கை பார்த்தேன். தரையில் கடலைத் தொலியை முழங்கை உயரம் பரப்பினார். ஈரமான தொலியை அன்றாடம் அள்ளி வெளியே கொட்டினார். குறுக்கே ஒரு உருண்டைக் கம்பைக் கட்டி, எட்டும் அதில் நெருங்கி உட்காரும்படி செய்தார். மழைநாளில் அடைந்து கிடக்கிற கோழிகள் ஒன்றையொன்று கொத்திப் பிடுங்கும் என்று, ஒரு கீரைக்கட்டைக் கயிற்றில் தலைக்கு மேலே தொங்கவிட்டார். அவை நாள் முழுக்க எம்பி எம்பி அதைக் கொத்தின, சண்டை ஓய்ந்தது. ஆபீஸில் நானும் குமாஸ்தாவும் முறைத்துக்கொள்கிற நாட்களில், “ஒங்களுக்கும் ஒரு கீரைக்கட்டு தொங்கவிடணும் போலருக்கே” என்பார்.

சாயங்காலம் கம்புத் தானியம் போடுவார். “அந்திக்கு வயிறு நெறஞ்சா அதுதான் கம்பளி.” சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதை ஏன் அடைக்கவில்லை என்று கேட்டேன். “காத்து தலைக்கு மேல போகணும்யா. மேல படத்தான் கூடாது. குளிருக்கு எந்தக் கோழியும் சாகாது. ஈரத்துக்கும் அடச்ச காத்துக்குந்தான் சாகும்.” இதை அவர் ஒருமுறை அல்ல, பல முறை சொன்னார். காதில் வாங்காதவன் நான்.

அந்த மார்கழியில்தான் என் மனைவி காந்திமதிக்குப் பிரசவம். முதல் பிள்ளை தங்காத வீடு அது. இந்த முறை பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்தான் உதிரம் ஏராளமாகப் போய் வெளுத்துக் கிடந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தினம் பாலும் இரண்டு முட்டையும் கொடுக்காவிட்டால் தேறமாட்டாள் என்று சொல்லிப் போனார். பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த என் தமக்கை செண்பகம் காதைப் பொத்திக்கொண்டாள். சைவக் குடும்பத்து அடுக்களையில் முட்டையா? நான் தலையில் கை வைத்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். சேர்வையின் காதில் விஷயம் விழுந்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து அவர் முட்டையைக் கொல்லையிலேயே மூன்று கல் கூட்டி அரை வேக்காடு வேகவைத்து, தோலுரித்து, செம்பில் போட்டு மூடி, “ஐயா, அம்மாவுக்கு ரிஜிஸ்டர் வந்திருக்கு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுங்க” என்று நீட்டுவார். அக்காள் அந்த நேரம் பார்த்துத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவாள். நாலைந்து நாளில் காந்திமதி எழுந்து உட்கார்ந்து குழந்தையை வாங்கினாள்.

பிறகு திடீரென்று குளிர் கூடியது. பிள்ளை பெற்றவளுக்கு வாடை பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று அக்காள் பயந்தாள். அறையில் இருந்த ஒரே ஜன்னலுக்குப் பாய் வைத்து ஆணியடித்தோம். கதவிடுக்கில் துணி திணித்தோம். கட்டிலுக்கடியில் நெருப்புச் சட்டியில் கரி கனன்றது. எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். இரண்டு நாள் காலையில் காந்திமதி தலைவலி என்றாள், வாந்தி எடுத்தாள். பிரசவச் சூடு என்றாள் அக்காள். ஆனால் முகத்தில் நன்றாகச் சிவப்பு ஏறியிருந்தது. ரத்தம் ஊறிவிட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டோம்.

அதே சமயம் சேர்வை தங்கை வீட்டுக் காதுகுத்துக்காகத் திருமங்கலம் போனார். அந்தியில் கம்பு போட வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று என்னிடம் ஒப்படைத்தார். முதல் நாள் அவர் சொன்னபடியே செய்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் தூறல். கொட்டடியில் எட்டும் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தன. இவை விறைத்துப்போனால் முட்டைக்கு எங்கே போவேன், காந்திமதி என்ன ஆவாள் என்று நினைத்தேன். பெண்டாட்டிக்குச் செய்த உபகாரத்தைக் கோழிக்கும் செய்தேன். ஆபீஸில் கழித்துப் போட்டிருந்த கிழிந்த தபால் பைகளைக் கொண்டுவந்து அந்த ஒரு சாண் இடைவெளியைச் சுற்றிலும் அடைத்தேன். ஒரு சட்டி நிறையக் கரி நெருப்பை உள்ளே வைத்தேன். கதவைச் சாத்தி, கீழே சாக்கும் போட்டேன். சேர்வை வந்து பார்த்து மெச்சுவார் என்று நினைத்துக்கொண்டே போய்ப் படுத்தேன்.

விடிந்தபோது சேவல் கூவவில்லை. நான் கொல்லைக்குப் போவதற்குள் சேர்வையே வந்துவிட்டார். முதல் ரயிலில் இறங்கி, தபால் பையையும் கையோடு வாங்கி வந்திருந்தார். கொட்டடிக் கதவைத் திறந்தவர் அப்படியே குந்திவிட்டார். ஏழு கோழிகள் தொலியில் சாய்ந்து கிடந்தன. தகரம் நெளிந்து கிடந்த மூலையில், அந்த ஓட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரு புள்ளிக்கோழி மட்டும் உயிரோடிருந்தது. குளிர்தான் கொன்றுவிட்டது, நோய் ஏதாவது வந்திருக்கும் என்று நான் என்னவோ உளறினேன். அவர் செத்த கோழி ஒன்றை மடியில் எடுத்து வைத்துக் கொண்டையைத் தடவினார்.

“சீக்குன்னா கொண்டை கறுத்திருக்கும்யா. இது செக்கச் செவேல்னு இருக்கு. கரிப்புகையில மூச்சடச்சுப் போயிருக்கு.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“அம்மா ரூமையும் இப்பிடித்தான் அடச்சு வச்சிருக்கீகளா?”

அந்தச் சிவப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நின்றேன், அவர் நிற்கவில்லை. வீட்டுக்குள் ஓடினார். எங்கள் வீட்டு நிலைப்படியை அதுவரை தாண்டாத மனிதர். அறை வாசலில் அக்காள் இரண்டு கையையும் விரித்து மறித்தாள்: பிள்ளை பெற்ற அறை, தீட்டு, ஆம்பளை நுழையக்கூடாது. அவளோடு வாதாட அவருக்கு நேரமில்லை. வந்த வழியே திரும்பி, வீட்டைச் சுற்றி ஓடி, வெளியிலிருந்து ஜன்னல் பலகையைத் தோளால் இடித்தார். மூன்றாவது இடியில் பலகையும் பாயும் ஆணியோடு உள்ளே விழுந்தன. அந்தச் சத்தத்தில் அக்காள் கதவைத் திறந்தாள்; நான் உள்ளே போனேன். காந்திமதி எழுப்பியும் எழவில்லை. குழந்தை பூனைக்குட்டிபோல முனகியது. கட்டிலோடு தூக்கிக் கொல்லையில், அந்தக் குளிரில், அந்தக் காற்றில் கொண்டுவந்து போட்டோம். ஜன்னி வந்துவிடும் என்று அக்காள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சேர்வை தம் சால்வையை எடுத்துக் காந்திமதியின் மேல் போர்த்திவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். வெயில் கூரையேறுகிற நேரத்துக்கு அவள் கண்ணைத் திறந்து, ஏன் என்னை வெளியே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் சத்தம் போட்டு அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் சற்று நேரம் போயிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார். அவர் போன பிறகு சேர்வை ஏழு கோழிகளையும் சாக்கில் போட்டு, கொல்லை மூலையில் குழி வெட்டிப் புதைத்தார். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று நான் கையைப் பிசைந்தேன். ஒரு போஸ்ட்மாஸ்டர் கோழிகளைக் கொன்றான், பெண்டாட்டியையும் கொல்லப் பார்த்தான் என்றல்லவா பேசுவார்கள்? கோழி எதற்கு இங்கே வந்தது என்று இழுத்தால் முட்டைக் கதையும் வெளியே வரும். திருநெல்வேலி முழுக்க நாறும். அக்காளோ தான்தான் கொலைகாரி என்று சாப்பிடாமல் கிடந்தாள்.

“வெள்ளைக் கழிச்சல்ல போச்சுன்னு சொல்லிப்புடுவோம்யா” என்றார் சேர்வை மண்ணைத் தள்ளிக்கொண்டே. “கோழிக்குக் கழிச்சல் வாரது ஒலகத்துல இல்லாததா?”

அந்தச் சொல்லின் விலை அவருக்குத் தெரியும். கூட்டத்தோடு கொல்கிற அந்தத் தொற்றுநோய் கண்ட வீட்டுக் கோழியை யாராவது வாங்குவார்களா? எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு சேர்வை வீட்டுக் குஞ்சு என்று யாரும் கேட்டு வரவில்லை. எஞ்சிய புள்ளிக்கோழி தெருவில் மேயப் போனால் கல்லெறிந்து விரட்டினார்கள். அடுத்த வருஷம் அவர் புதிதாக அடைவைத்துப் பொரித்த குஞ்சுகளைக் கழுகுதான் கொண்டுபோயிற்று, வாங்க ஆளில்லை. ஒரு நாள் கார்டு வாங்க வந்த இரண்டு பெண்கள் என் ஜன்னலுக்கு முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். “சேர்வை வீட்டுக் கோழியா? வேண்டாம்டி ஆத்தா. சீக்குப் பிடிச்ச கூடு.” உள்ளே தபால் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் இரண்டு கார்டுகளை எண்ணிக் கொடுப்பதில் மும்முரமாக இருந்தேன். அவர் மறுபடி குனிந்துகொண்டார். எனக்கு மாற்றலாகும் வரை அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. பிறகு அவர் கோழி வளர்ப்பதையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பார்க்கப் போக வேண்டும் என்று வருஷா வருஷம் நினைத்தேன். போகவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கார்டைக் காந்திமதியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, “அந்தப் பழியையும் அவரோட சேத்து எரிச்சிட்டாங்களா, இல்ல இன்னும் ஊர்லதான் கெடக்கா?” என்று கேட்டாள். ஊரில்தான் கிடக்கிறது. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், அடுத்த அறையில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருக்கிற பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிற அவளுடைய அம்மா. அவரிடமிருந்து இரண்டு உயிரைப் பெற்றுக்கொண்டு, பதிலுக்கு அவருடைய நல்ல பெயரையும் நானே எடுத்துக்கொண்டேன். உயிர்களை நான் வைத்துக்கொள்கிறேன். பெயரைத் திருப்பிக் கொடுக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருவேன். கூட்டத்தில் எழுந்து நின்று வாயாலும் சொல்வேன். அதற்கு முன்னால் இதைப் படிக்கிற வாடிப்பட்டிக்காரர்கள் அறிந்துகொள்ளுங்கள்: முத்திருளன் சேர்வையின் கோழிகளுக்கு ஒரு நாளும் எந்தச் சீக்கும் இருந்ததில்லை. அவற்றைக் கொன்றவன் நான்.