பூசணிக்காய்ச் செய்தி

திருமலைசாமியைப் பற்றி நான் பத்திரிகையில் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். பதினோரு வரி. அதில் ஒரு வரி பச்சைப் பொய், அதுதான் அவர் பிழைப்பைக் கெடுத்தது. அதனால் இந்தத் தடவையாவது ஒழுங்காகச் சொல்கிறேன்.

அவர் அந்தியூர்ப் பக்கம் பருவாச்சிக்காரர். கூலிக்குக் கரும்பு வெட்டும் குடும்பம். பத்தொன்பது வயதில், ஊருக்கு வந்த ஷூட்டிங்கில் லைட் தூக்க ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். தூக்கப் போனவர் அவர்கள் வண்டியிலேயே ஏறிச் சென்னை போய்ச் சேர்ந்தார். எட்டு வருஷம் எடுபிடி வேலை பார்த்து, லைட்மேன்கள் சங்கத்தில் கார்டு வாங்கினார். அந்தக் கார்டு இல்லாதவன் ஷூட்டிங்கில் ஒயரைக்கூடத் தொட முடியாது. பிளாஸ்டிக் உறை போட்டு எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். எந்த நடிகர் எப்படி என்று ஆசையாகக் கேட்டால், "எனக்கு அவிய மூஞ்சியெல்லாம் தெரியாதுங்க சார். மூஞ்சியில நெழல் உழுகுதா இல்லையான்னு மட்டுந்தான் பாப்பேன்" என்பார். இப்படிப்பட்ட ஆளிடம் என்ன கிசுகிசு கிடைக்கும்? எனக்கு எரிச்சலாக வரும்.

தொண்ணூற்றேழில் சினிமாத் தொழிலாளர்களுக்கும் படமெடுப்பவர்களுக்கும் முட்டிக்கொண்டது. வேலைநிறுத்தம். கோபியில் ஒரு படம் பாதியில் நின்று எல்லாரும் சென்னை பஸ் ஏறிவிட்டார்கள். ஜெனரேட்டர் வண்டி மட்டும் அத்தாணி ரோட்டில் ஒரு ரைஸ்மில் களத்தில் நின்றது. சொந்த ஊர் பக்கம் என்பதால் திருமலைசாமியை அதற்குக் காவல் வைத்தார்கள். காவல் இருப்பதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை. வண்டியைக் கிளப்பக் கூடாது, அவ்வளவுதான்.

நான் அப்போது கோயமுத்தூர் மாலைப் பத்திரிகை ஒன்றுக்குக் கோபி நிருபர். வெளியாட்களை வைத்து ரகசியமாகப் படப்பிடிப்பு நடக்கிறது என்று சென்னைப் பத்திரிகைகள் தினமும் கிளப்பிக்கொண்டிருந்தன. எங்கள் செய்தி ஆசிரியர் காலையில் போனிலேயே என்னை வறுத்தெடுப்பார். "ஏனப்பா ஈஸ்வரமூர்த்தி, உங்க ஊரே ஷூட்டிங் ஊரு. ஒரு செய்திகூடவா சிக்கல? தூங்கறயா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எவன் தலையையாவது உருட்டாமல் விடுவதில்லை என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்று அமாவாசை. ரைஸ்மில் வாசலில் பூசணிக்காய் உடைந்து குங்குமமாகக் கிடந்தது. படப்பிடிப்பு முடிகிற நாளில் பூசணிக்காய் உடைப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். கோபியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆகா, மாட்டிக்கொண்டார்கள் என்று உள்ளே போனேன். திருமலைசாமி மட்டும் இருந்தார். வண்டிச் சக்கரத்தில் ஒட்டடை படிந்திருந்தது.

"என்னங்க, பூசணிக்காயெல்லாம் ஒடைச்சிருக்கு?"

"அமாவாசைங்க சார். ரெண்டு மாசமா வண்டி நின்னே கெடக்குது. யாரு கண்ணு பட்டுச்சோ, எல்லாத்து பொழப்பும் நின்னுபோச்சு. அதான் வண்டிக்குச் சுத்தி ஒடச்சுப்போட்டேனுங்க."

கடைக்காரர்கள் அமாவாசைக்கு உடைப்பதில்லையா, அதே சங்கதிதான். எனக்கு நன்றாகப் புரிந்தது. டீ வாங்கி வந்து கொடுத்தார், குடித்தேன். ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு பூசணிக்காய்ப் பக்கத்தில் சிரித்தபடி நின்றார்.

'கோபியில் ரகசியப் படப்பிடிப்பா?' என்று தலைப்பு எழுதி அனுப்பினேன். ஆபீசில் கேள்விக்குறியை எடுத்துவிட்டார்கள். அந்தப் பழியை அவர்கள் மேல் போடலாம். ஆனால் 'பூசணிக்காய் குறித்து அங்கிருந்த லைட்மேனிடம் கேட்டபோது மழுப்பினார்' என்ற வரி என்னுடையது. எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மனுஷன் மழுப்பவே இல்லை. நான் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னவர்.

மூன்றாம் நாள் சென்னைப் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு பெரிதாகப் போட்டது. சங்கம் அவர் கார்டை நிறுத்தி வைத்தது. அவர் சென்னை போய்ச் சத்தியம் செய்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சார், அன்னைக்கு நான் என்ன சொன்னனோ அதை ஒரு காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போதுமுங்க. ஒரு மாசம் டைம் குடுத்திருக்கறாங்க. அதுக்குள்ள காட்டலீன்னா கார்டு போயிருமுங்க."

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எகிறியிருப்பேன். கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டு செய்தி ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"எழுதிக் குடுத்தீன்னா பொய் எழுதுனேன்னு நீயே ஒத்துக்கற மாதிரி. மறுநாள் நீ வேற வேலை தேடிக்க" என்று போனை வைத்தார்.

பயந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன். அடுத்த தடவை திருமலைசாமி வந்தபோது உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு, நான் ஈரோடு போயிருப்பதாக என் மனைவி ராசாத்தாளைச் சொல்லச் சொன்னேன். அப்புறம் சத்தியமங்கலம். அப்புறம் அவிநாசி. நாலாவது தடவை அவரை அனுப்பிவிட்டு வந்தவள் என் எதிரே நின்றாள்.

"இனி என்னால ஆகாதுங்க. அந்த மனுசன் தண்ணிகூட வாங்கிக் குடிக்காமப் போறாரு. பொய்யி எழுதுனது நீங்க. நானு எதுக்குங்க பொய் சொல்லோணும்?"

அவளுக்கு அதற்குப் பிறகு பொய் சொல்ல வேண்டி வரவில்லை. மாசம் முடிந்துவிட்டது.

கார்டு போயிற்று. கொஞ்ச நாளில் வேலைநிறுத்தமும் முடிந்தது. 'தொழிலாளர்கள் மகிழ்ச்சியுடன் பணிக்குத் திரும்பினர்' என்று அதையும் நான்தான் எழுதினேன், மானங்கெட்டவன். ரைஸ்மில் களத்திலிருந்து அந்த வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனது வேறொரு ஆள்.

அடுத்த ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குச் செய்தி எடுக்கப் போனேன். ரேடியோ செட்காரர் ஒருவருக்காகத் திருமலைசாமி ஏணியில் நின்று மூங்கிலில் டியூப்லைட் கட்டிக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவரே பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"வாங்க சார். ஊட்ல அம்மணி, குழந்தைகெல்லாம் சௌக்கியமுங்களா?"

என் பையில் கடிதம் இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்தும் போட்டு ஆறு மாசமாக வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்க" என்று மடித்து என்னிடமே நீட்டினார். "இனி இதை வெச்சு என்னங்க பண்றது. கார்டு ரத்தாகி வருசம் ஆகப்போகுது."

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் புத்தி எங்கே போகும்? "அப்பவே குடுத்திருப்பேனுங்க. அந்த மாசம் பூராவும் நான் ஊர்லயே இல்லாமப் போயிட்டேன், வேலை அப்படி" என்றேன்.

அவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"செருப்பு வாசல்ல கெடந்துதுங்க சார்" என்றார். "நாலு தடவையும்."