மறுப்பு அடியில் இருந்தது

1. போகாத மருமகள்

காலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா நான் வேலை பார்க்கும் பேப்பரோடு வாசலில் நின்றார்.

"ரெஜினாவ அனுப்பப் போறதில்லம்மா. பிரான்சு எலெக்சன்ல அந்த ஆளு ஜெயிச்சா வெளிநாட்டுப் பொண்டாட்டிங்கள எல்லாம் திருப்பி அனுப்பிடுவான்னு உங்க பேப்பர்லயே போட்டுக்கீதே."

ரெஜினா அவருடைய மருமகள், முகையூர்ப் பெண். பாரிஸில் இருக்கும் கணவனிடம் போக விசா வந்துவிட்டது. உள்ளே அவள் அழுவது கேட்டது.

அக்காவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அக்காவுக்கும் மகனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்ஸ் அதிபர் தேர்தலென்றால் புதுச்சேரிக்குப் போய் ஓட்டுப் போடுவார். பிரெஞ்சு படிக்கத் தெரியாது. எங்கள் பேப்பர்தான் கதி.

2. சிரித்த படம், பிளந்த வாய்

எங்கள் செய்தி ஆசிரியர் உள்ளூர்த் தேர்தலில் எந்தப் பக்கமும் சாயமாட்டார், விளம்பரம் போய்விடும். பக்கம் சாயும் ஆசையையெல்லாம் பிரான்ஸ் தேர்தலில் தீர்த்துக்கொண்டார். பிடித்த வேட்பாளருக்குச் சிரித்த படம், 'மக்கள் தலைவர்' பட்டம். மற்றவருக்கு வாயைப் பிளந்த படம். காரணம் கேட்டால், "மூஞ்சியப் பாத்தாலே தெரியுதில்ல?" என்பார்.

ஆபீஸில் செய்தி ஏஜென்சி அனுப்பிய மூலச் செய்தியைத் தேடி எடுத்தேன். வாய் பிளந்த படக்காரர் திருப்பி அனுப்புவார் என்று சொன்னவர் எதிர் வேட்பாளரான 'மக்கள் தலைவர்'; அவர் சொன்னதாகத்தான் நாங்களும் போட்டிருந்தோம். 'முறையாக விசா பெற்று வரும் குடும்பத்தாரைத் தொடமாட்டேன்' என்ற வாய் பிளந்த படக்காரரின் மறுப்பு கடைசிப் பாராவில் இருந்தது. கடைசி நேரத்தில் உர விளம்பரம் வந்ததால் அந்தப் பாரா போய்விட்டது. இடம் பத்தாவிட்டால் அடியில் வெட்டுவது எங்கள் தொழில் வழக்கம். மறுப்பை அடியில் வைப்பது ஏஜென்சியின் வழக்கம். ஆனால் 'மக்கள் தலைவர்' மறுப்புச் சொன்னால் மட்டும் சார் விளம்பரத்தைச் சுருக்கிவிடுவார்.

"மறுப்பப் போடணும் சார்."

"எவனோ வெள்ளக்காரன். நம்ம ஊர்ல அந்தத் தேர்தல்ல யாரும்மா ஓட்டுப் போடப் போறாங்க?"

"எங்க பக்கத்து வீட்டு அக்கா போடுவாங்க சார். மருமவள அனுப்ப மாட்டேன்னு ஒக்காந்துகினு இருக்காங்க. அந்தப் பொண்ணு அழுதுகினு இருக்குது."

சார் பேனாவைக் கீழே வைத்தார். மறுநாள் அதே பக்கத்தில், அதே அளவில் மறுப்பு வந்தது. நல்ல மனிதர்தான்.

3. அக்காவின் போன்

பேப்பரை ஓடிப்போய்க் காட்டினேன். அக்கா நிதானமாகப் படித்தார்.

"நேத்து இத நம்பித்தாம்மா அந்தப் பொண்ண அழ வெச்சேன். இன்னிக்கும் இதையே நம்பச் சொல்றியே."

அக்கா மகனுக்குப் போன் போட்டு விசாரித்தார். அந்த வாரமே ரெஜினா விமானம் ஏறினாள்.

அக்கா பேப்பரை நிறுத்தவில்லை. ராசிபலனும் சினிமாவும் படிப்பார். தேர்தல் பற்றி என்றால் மகனைத்தான் கேட்பார். ஒரு பொய்கூட அச்சிடாமலே ஒருவருடைய நம்பிக்கையை இழக்கலாம் என்பதை அந்த வீட்டில்தான் கற்றேன்.