மங்கலாகத் தெரிந்த கால்குலேட்டர்

பூந்தமல்லியில் ரேடியோ, ரிமோட், கால்குலேட்டர் எல்லாம் பழுது பார்க்கும் அந்தக் கடைக்காரரை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஒல்லியான மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. எதைக் கொடுத்தாலும் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்துவிட்டுத்தான் என்ன கோளாறு என்று கேட்பார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரி அடையாள அட்டையைக் கடைத்தெருவிலும் கழுத்திலிருந்து கழற்ற மாட்டேன். மறுநாள் கணக்குத் தேர்வு. பட்டன் ஒட்டுகிறதென்று கால்குலேட்டரைக் கொடுத்தேன். ஸ்ப்ரேயில் பட்டன் சரியானது; எண் தெரியும் பிளாஸ்டிக் மூடி பால்போல வெளுத்துவிட்டது.

"என்னண்ணே இது! நாளைக்கு எக்ஸாம்!"

"கத்தாத பாப்பா. பேஸ்ட் போட்டுத் தேச்சா பளிச்சுனு ஆயிடும்."

பற்பசையைத் தடவி, பனியன் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். மூடி தெளிந்தது. எனக்கு உயிர் வந்தது. அவரோ அதைக் கண்ணருகே தூக்கிப் பார்த்து, "இன்னும் மங்கலாத்தான் கீது" என்று மறுபடி ஸ்ப்ரே அடித்தார்!

மூடி திரும்பவும் வெளுத்தது. அப்போதுதான் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கவனித்தேன்; அதுவும் பால்போல வெளுத்திருந்தது.

"அண்ணே, கண்ணாடிய எதுல தொடைக்கிறீங்க?"

"இதுலதான்" என்று ஸ்ப்ரே டப்பாவையே காட்டினார்.

டப்பாவைப் பிடுங்கி என் பையில் போட்டேன். அவர் கால்குலேட்டரைத் தேய்க்க, நான் அவர் கண்ணாடியைத் தேய்த்தேன். அதை மாட்டிக்கொண்டு என் கழுத்து அட்டையைப் படித்தார்.

"அட, காலேஜா நீ! இஸ்கூல் பொண்ணுன்னு நெனச்சுகினு இருந்தேன்."

தேர்வை நன்றாகவே எழுதினேன். அந்தக் கண்ணாடியோடு அன்றுவரை எதைப் பார்த்து அவர் ஒயர்களைப் பற்றவைத்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.