எட்டு மணி சீரியல்

எங்கள் வீட்டுப் பழைய டிவி கெட்டுப்போனபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். ஒருநாள் படத்தின் நடுவே பச்சையாக ஒரு கோடு விழுந்தது. மறுநாள் படமே வரவில்லை. அப்பா அதைத் துணி போட்டு மூடிவிட்டு, ரிப்பேருக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். மூன்று மாதம் அதையே சொன்னார்.

அப்பாவுக்கு அப்போதே வயது ஐம்பத்தாறு. தாமதமாகக் கல்யாணம் செய்து, அதைவிடத் தாமதமாக என்னைப் பெற்றவர். பள்ளிக்கூடத்துக்கு வந்தால் பிள்ளைகள் “ஒங்க தாத்தாவா?” என்று கேட்பார்கள். உப்பு மூட்டைக்குச் சாக்கு விற்கிற கடை வைத்திருந்தார். கடையில் லாரிக்காரர்களோடு பேசிப் பேசித் தீர்த்துவிடுவாரோ என்னவோ, வீட்டுக்குள் வந்தால் அவருக்குப் பேச்சே வராது. சோறு வேண்டுமென்றால் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவார். போதுமென்றால் கையை விரிப்பார்.

அம்மா ஒருநாள் வெடித்துவிட்டாள். “எட்டு மணிக்கு அர மணி நேரம் இந்த வீட்டுல மனுசக் கொரல் கேட்டுச்சு. அதுவும் போச்சு,” என்றாள். அப்பா தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். மறுநாள் காலை அம்மா ஒரு பையை எடுத்துக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்கு, மாமா வீட்டுக்குக் கிளம்பினாள். எனக்குப் பரீட்சை இருந்தது. இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று எனக்குத் தலைபின்னிக்கொண்டே சொன்னாள்.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. டிவி இல்லாததால்தான் அம்மா போனாள் என்று நான் முடிவு செய்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான் முடிவு செய்திருந்தார் போலும். ஒரு சனிக்கிழமை ஆட்டோவில் பெரிய டிவி ஒன்று வந்து இறங்கியது. கூடவே, நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கிற பெட்டி ஒன்று. அம்மாவிடம் போனில் சொல்லக் கூடாது, வந்து பார்க்கும்போது தெரியட்டும் என்றார் அப்பா. உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்த பழைய போல்ட்டுகளைக் கழற்றி மாடியில் புது டிஷ்ஷை மாட்டிய ஆள், படம் வந்ததும் கிளம்பிவிட்டார். “பதியுத பெட்டிக்கு எல்லாம் பொஸ்தகத்துல போட்டிருக்கு அண்ணாச்சி. பாப்பா படிச்சுச் சொல்லும்,” என்றார்.

புத்தகம் முழுக்க இங்கிலீஷ். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்பா டிவிக்குப் பின்னால் மண்டியிட்டு, டார்ச்சை அடித்துக்கொண்டு, “ஏளா, மஞ்ச வயரு எங்கன போவுது?” என்று கேட்டார். நான் சொன்ன துளையிலெல்லாம் அதைச் செருகிப் பார்த்தார். பதிவதெல்லாம் தங்குகிற பென்டிரைவைத் தலைகீழாகக் குத்தினார். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் என்னோடு பேசியதைவிட அந்த ஒரு மத்தியானத்தில் அதிகம் பேசினார். கடைசியில் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“பதியுதா?”

“பதியுதுப்பா.”

திங்கட்கிழமை முதல் ஏழரைக்கே கடையைச் சாத்திவிட்டு வந்தார். எட்டு மணிக்கு அம்மாவின் சீரியல் தொடங்கியதும் நான் பட்டனை அழுத்துவேன். அப்பா சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவார். “அவ வந்து கேக்கட்டும்,” என்பார். திரையில் யார் யாரோ வாயசைத்து அழுதார்கள். நாங்கள் இருவரும் கடை இட்லியைப் பிய்த்துத் தின்றபடி, படத்தை விட்டுவிட்டுச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த அமைதியில், துறைமுகத்தில் கப்பல் ஊதினால் பக்கத்து அறையில் ஊதுவதுபோல் கேட்கும். அதைக் கேட்டால் ஏனோ எனக்கு அழுகை வரும். தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விடுவேன்.

ஒரு வியாழக்கிழமை அப்பா வரத் தாமதமானது. பட்டனை அழுத்தினேன், பதியவில்லை. இடமில்லை என்று திரையில் வந்தது. அதற்குக் கீழே இங்கிலீஷில் ஏதோ கேள்வி இருந்தது. நான் சரி என்று அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகுதான் பட்டியலைப் பார்த்தேன். ஒன்றரை மாதச் சீரியல் மொத்தமும் போயிருந்தது. சற்று நேரத்தில் அப்பா வந்து, “பதியுதா?” என்றார். “பதியுதுப்பா,” என்றேன். அது பொய்யுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். மாமா தெருவில் ஆட்டோவை விட்டு இறங்கவேயில்லை. அம்மா என்னை வெகுநேரம் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பீரோவைத் திறந்து சேலைகளை எடுத்துப் பையில் அடுக்கத் தொடங்கினாள். அப்பா வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

“டிவி வாங்கியிருக்கேன்.”

“பாத்தேன்.”

“வாங்குன நாள்லருந்து ஒன் சீரியல பதிஞ்சு வச்சிருக்கு. ஒரு நாள் விடல. இங்கன உக்காந்து நெதானமா பாக்கலாம்.”

அம்மாவிடம் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ரிமோட்டை என்னிடம் தராமல் தானே அழுத்தினார். எப்போது பழகிக்கொண்டாரோ. பட்டியலில் இரண்டே இரண்டு நாள் கதைதான் இருந்தது. மறுபடி அழுத்தினார். கண்ணாடியை வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அழுத்தினார்.

மடித்த சேலையைக் கையில் வைத்தபடி அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. “விடுங்க,” என்றாள் மெதுவாக. “அங்கன அண்ணன் வீட்டுல தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். அம்மாவின் பையை அவரே ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு போனார். லீவு விட்டதும் வா என்று அம்மா என்னிடம் சொன்னாள். அதன்பிறகு எல்லா லீவுக்கும் நான்தான் அங்கே போனேன். அவள் திரும்பி வரவில்லை.

ஆட்டோ போனதும் அப்பா உள்ளே வந்து டிவியின் முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், எழுந்திருக்கவில்லை. அவரை அப்படிப் பார்க்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். “நாந்தாம்ப்பா அழிச்சுட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்.”

என் தலையில் கையை வைத்து, “சரி, விடு,” என்றார்.

அவர் வருத்தம் தீரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அத்தனை நாள் பதிந்ததும் வீணாய்ப் போயிற்றே என்றுதான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். அதனால் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

“அம்மாதான் எல்லாத்தையும் அங்கனயே பாத்துட்டாளேப்பா. பெறவு என்ன?”