பிரேக் பத்தாதுங்க

புதுக்கோட்டையில் என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய இன்ஜின் மாற்றித் தந்த மெக்கானிக் ஒல்லியானவர், காதோரம் நரைத்தவர். எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் பிரேக்கைத்தான் மிதித்துப் பார்ப்பார்.

“இந்த இன்ஜினுக்குப் பழைய பிரேக் பத்தாதுங்க. அதையும் மாத்திருவோம்” என்றார்.

“அப்பறம் பாத்துக்கலாம்ணே” என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே மீமிசல் சாலையில் வண்டி நிற்காமல் போய்ப் புளியமரத்தில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பிக்குக் கால் முறிந்தது.

விஷயம் கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மெக்கானிக்கின் சட்டையை அப்பா பிடித்துவிட்டார். “என்னத்தய்யா மாட்டிக் குடுத்தே?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“என் தப்புதாங்க” என்றார்.

தம்பி இப்போது நடக்கிறான். வீட்டில் இன்றும் அவரைத்தான் திட்டுகிறார்கள். அன்று அவர் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை. நானும் இதுவரை வாய் திறக்கவில்லை.